கைப்பிடி இல்லாத மலை

ஓசூர் தொழிற்பேட்டையில் இருக்கிற அத்தனை கம்பெனிகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் எங்கள் சேஃப்டியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்கமாட்டார். கடவுளின் வேடிக்கையைப் பாருங்கள், மலையேறும் பைத்தியம் வந்து பிடித்தது அவரைத்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஆளுக்குப் பெயர் கிடையாது, டிபார்ட்மென்ட்தான். அச்சு செதுக்குகிறவர் டூல் ரூம். சாமான் எடுத்துக் கொடுக்கிற நான் ஸ்டோர்ஸ். யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்கிற அதிகாரி சேஃப்டி. அவர் வீட்டுக்காரம்மாவே ஒருநாள் போன் செய்து, "சேஃப்டி சார் இருக்காருங்களா?" என்று கேட்டதாக ரிசப்ஷன் பெண் சத்தியம் செய்தாள்.

மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் யார் இறங்கினாலும் அவருக்குத் தாங்காது. ஒருநாள் எங்கள் பிளான்ட் ஹெட் ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் போனுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார். கீழே நின்ற சேஃப்டி, "சார், அப்பிடியே நில்லுங்க! அசையாதீங்க!" என்று அலறினார். காலடியில் பாம்புதான் போலிருக்கிறது என்று பிளான்ட் ஹெட் அப்படியே உறைந்துவிட்டார். சேஃப்டி நிதானமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேலே ஏறிப் போனார். காபியைத் தன் கையில் வாங்கினார். பிளான்ட் ஹெட்டின் கையை எடுத்துக் கைப்பிடிமேல் வைத்தார். "இப்ப இறங்குங்க சார்" என்றார். அதோடு விட்டாரா? நடக்கவிருந்து நடக்காமல் போன விபத்துகளை எழுத 'நியர் மிஸ்' என்று ஒரு படிவம் உண்டு. அதில் இதை எழுதி, அந்தப் பிளான்ட் ஹெட்டிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

கம்பெனிக்கு வெளியே இன்னும் மோசம். சூளகிரியில் எங்கள் கேன்டீன் மேனேஜர் மகள் கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நாதஸ்வரக்காரரின் மைக்கை வாங்கி, "எல்லாரும் கொஞ்சம் கவனிங்க. இந்த மண்டபத்துக்கு ரெண்டு வழி இருக்குது. ஏதாவது ஒண்ணுன்னா சமையல்கட்டுப் பக்கம் மட்டும் ஓடாதீங்க, அங்க சிலிண்டர் இருக்குது" என்று அறிவித்தார். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். இவர் அதைக் கவனிக்காமல் மணவறைக்குப் போய், ஓம குண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி மணல் வைக்கவேண்டும் என்று ஐயரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிகிற வரை வாளி அங்கேதான் இருந்தது, கல்யாண ஆல்பத்திலும் இருக்கிறது.

இப்படிப்பட்டவர் கொண்டுவந்த சட்டங்களிலேயே பெரிய சட்டம் சிவப்பு அட்டை. கம்பெனியில் எல்லார் கழுத்திலும் அடையாள அட்டையோடு ஒரு சிவப்பு அட்டையும் தொங்கும். செய்கிற வேலையில் ஆபத்து என்று யாருக்குத் தோன்றினாலும் அதைத் தூக்கிக் காட்டலாம். மேனேஜராக இருந்தாலும் சரி, நேற்று சேர்ந்த கான்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சரி. தூக்கினால் வேலை அந்த நிமிடமே நிற்கவேண்டும். ஏன் தூக்கினாய் என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது, முறைக்கக் கூடாது, அப்புறம் கேன்டீனில் வைத்துக் குத்திக்காட்டவும் கூடாது. கடைசியில் சொன்னதை மட்டும் நாங்கள் யாரும் கடைப்பிடித்ததில்லை.

சரி, மலைக்கு வருகிறேன். அவருக்குச் சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். கெலவரப்பள்ளி அணைக்கரையில் நடந்தார். அணைக்கரை போதவில்லை என்று ஓசூர் மலைக்கோயிலுக்கு ஏறினார், ஹெல்மெட் போட்டுக்கொண்டு. பிறகு ராயக்கோட்டை, பிறகு கிருஷ்ணகிரிக் கோட்டை மலை. மனுஷனுக்கு ருசி கண்டுவிட்டது. ஹெச்.ஆர். மேடத்தைப் பிடித்து 'ஊழியர் மலையேற்றக் குழு' என்று ஒன்றைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அவருக்குப் போனில் குதிரேமுக் படத்தைக் காட்டித் தொலைத்தான்.

குதிரேமுக் கர்நாடகத்தில் இருக்கிற தேசியப் பூங்கா. கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல் மூடிய மலைகள், இடுக்குகளில் கறுத்த காடு. அங்கே இருக்கிற சிகரங்களிலேயே உயரமானது குதிரை முகம் மாதிரி தெரியும், பூங்காவுக்குப் பெயரே அதனால்தான். போக வர இருபது கிலோமீட்டர் வரும் என்கிறார்கள். வனத்துறை அனுமதி வாங்கி, உள்ளூர் கைடு ஒருவரோடு காலையில் ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். அந்த உச்சியில் ஒரு தடவை நின்று பார்த்துவிட வேண்டும் என்று சேஃப்டி முடிவு செய்தார்.

மூன்று வருடம், மூன்று முறை போனார்கள். மலைக்கும் அதே சிவப்பு அட்டை, அதே சட்டம். யார் தூக்கினாலும் மொத்தக் குழுவும் திரும்பவேண்டும், குழுவைப் பிரிக்கவே கூடாது. முதல் வருடம் பெயிண்ட் ஷாப் தூக்கினார். காலில் அட்டை கடித்து ரத்தம் வந்ததாம், தன் ரத்தத்தைத் தானே பார்த்தால் அவருக்கு மயக்கம் வருமாம். இரண்டாம் வருடம் ஹெச்.ஆர். மேடத்தின் ஷூவுக்கு அடி கழன்று வாயைப் பிளந்தது. மூன்றாம் வருடம் மழை, இடி, யார் முதலில் தூக்கியது என்றே தெரியாமல் சேஃப்டியைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். ஒவ்வொரு முறையும் சேஃப்டி ஏன் என்று கேட்காமல் திரும்பினார். திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில், "மலையேற்றம் வெற்றி. காயம்: இல்லை" என்று எழுதி ஒட்டினார். நாங்கள் டீ டைமில் அவருக்கு 'முக்கால் மலை' என்று பட்டம் கொடுத்தோம். கொடுத்தது நான்தான்.

நான்காம் வருடம் அவருக்கு ரிட்டயர்மென்ட். இரண்டு முட்டியும் தேய்ந்து போயிருந்தது. ரிட்டயர் ஆனவுடன் ஆபரேஷன், அதற்குப் பிறகு மலை என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மழை ஓய்ந்த மாதம், ரிட்டயர் ஆக மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமைக்கு அனுமதி கிடைத்தது. அதை விட்டால் அவருக்கு அந்த உச்சி இந்த ஜன்மத்தில் இல்லை.

கேன்டீனில் டூல் ரூம் ரகசியக் கூட்டம் போட்டார். டூல் ரூமுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஓசூருக்கு வந்து இருபது வருடம் ஆகியும் பேச்சு மட்டும் தாமிரபரணியைத் தாண்டவில்லை.

"அண்ணாச்சி, இந்தத் தடவ எவனும் செவப்பு அட்டையத் தூக்கப்பிடாது. கால் ஒடிஞ்சாலும் சரி, கை ஒடிஞ்சாலும் சரி. மனுசன் ஒரு தடவ மேல நின்னு பாத்துட்டு வரட்டும். என்ன சொல்லுதிய?"

"பாம்பு கடிச்சா?" என்றார் பெயிண்ட் ஷாப்.

"கடிச்சிட்டுப் போவுது. எறங்கி வந்து சொல்லும்."

எல்லாரும் சாம்பார் சாதத்தின்மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தோம். எல்லாரும் என்றால் நானும்தான். மூன்று வருடமாக முதுகுவலி, மாமனார் திதி, பைக் சர்வீஸ் என்று தப்பித்த நான் இந்த முறை மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், நான் கேலி செய்வதற்காகத்தான் போனேன். கைப்பிடி இல்லாத மலையில் சேஃப்டி என்ன செய்வார் என்று பார்க்க ஆசை.

வேடிக்கை வன சோதனைச் சாவடியிலேயே தொடங்கியது. காவலர் எங்கள் அனுமதிச் சீட்டைக் கேட்டார். சேஃப்டி அதைக் கொடுத்தார், கூடவே கம்பெனித் தாள் ஒன்றையும் நீட்டினார். கம்பெனியில் யாராவது கூரைமேல் ஏறி வேலை செய்யவேண்டும் என்றால் 'உயரத்தில் வேலை' என்று ஒரு பர்மிட் போடவேண்டும். அதில் ஏறுகிறவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும், ரத்த அழுத்தம் எழுதவேண்டும், கடைசியில் அந்தக் கூரை எந்த டிபார்ட்மென்டைச் சேர்ந்ததோ அதன் தலைவர் 'ஏரியா ஓனர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும். மலைக்கும் அதே தாளைப் பூர்த்தி செய்து எடுத்து வந்திருந்தார் மனுஷன்.

"ஏனு சார் இது?" என்றார் காவலர்.

"பர்மிட் சார். இல்லி ஏரியா ஓனர் சைன் மாடி" என்றார் சேஃப்டி தன் ஓசூர்க் கன்னடத்தில், கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டி.

"ஓனரா? நானு ஓனர் அல்ல சார். காடு சர்க்காருது."

"சர்க்காருக்கு இல்லி யாரு? நீவே அல்லவா?"

காவலருக்கு வேர்த்துவிட்டது. முப்பது வருட சர்வீஸில் இந்தக் காட்டுக்கு நீதான் சொந்தக்காரன் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டுப் பார்த்தார், சிக்னல் இல்லை. பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தேசியப் பூங்காவின் உரிமையாளராகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, தனக்கும் அதில் ஒரு நகல் வேண்டும் என்றார். பிறகு பிளாஸ்டிக் இருக்கிறதா என்று எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார். சேஃப்டியின் பையிலிருந்து மடக்கு ஸ்ட்ரெச்சர், கை மைக், மூன்று விசில், முதலுதவிப் பெட்டி, காரில் வைக்கிற சின்னத் தீயணைப்பான் எல்லாம் வந்தன. காவலர் எதையும் கேட்கவில்லை, ஒரு சல்யூட் அடித்து அனுப்பிவிட்டார்.

அடுத்தது கைடு. ஐம்பது வயது இருக்கும். லுங்கியை மடித்துக்கட்டி ரப்பர் செருப்போடு வந்தார். சேஃப்டி அவர் காலைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினார்.

"செருப்புல வரக் கூடாது. ஷூ ஹாக்கி, ஷூ மாட்டுங்க."

"சார், நானு ஹுட்டித்தே இல்லி" என்று சிரித்தார் கைடு. பிறந்ததே இந்த மலையில்தான் என்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று சேஃப்டி பைக்குள் கையை விட்டு, இரும்பு முனை வைத்த கம்பெனி ஷூ ஒரு ஜோடியை எடுத்தார். பாவம், சண்டை வேண்டாம் என்று கைடு மாட்டிக்கொண்டார். அரை கிலோமீட்டருக்குள், சிறு வயதிலிருந்து ஆயிரம் தடவை தாண்டிய ஓடையில், வாழ்க்கையில் முதல் தடவையாக வழுக்கி விழுந்தார். எழுந்து ஷூவைக் கழற்றிக் கயிற்றைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு விறுவிறு என்று நடந்தார். சேஃப்டி நோட்டை எடுத்து நியர் மிஸ் எழுதினார்.

மணிக்கு ஒருமுறை நிறுத்தி, ஷிஃப்ட் தொடங்கும்போது செய்வது போல வட்டமாக நிற்கவைத்துப் பாடம் நடத்தினார்.

"அட்டை கடிச்சா என்ன பண்ணக் கூடாது?"

"பிடுங்கக் கூடாது!" என்று கத்தினோம். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த பெங்களூர் கல்லூரிக் கூட்டம் ஒன்று எங்களைப் படம் பிடித்தது.

அவர் எப்போதும் கடைசியில்தான் வந்தார். முன்னால் கைடு, நடுவில் நாங்கள் ஆறு பேர், எல்லாருக்கும் பின்னால் சேஃப்டி. காடு முடிந்து புல்வெளி தொடங்கியது. மலை முதுகின்மேல் ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் சரிவு, சரிவுக்குக் கீழே மேகம். திரும்பிப் பார்த்தேன். நான் பார்க்க ஆசைப்பட்டது அங்கே நடந்துகொண்டிருந்தது. மனிதர் வெளிறிப் போயிருந்தார். அவருடைய வலது கை மட்டும் நீண்டு, இல்லாத கைப்பிடியைக் காற்றில் தேடிக்கொண்டே வந்தது.

"ஏன் சார், இவ்ளோ பயத்த வெச்சுக்கிட்டு எதுக்கு சார் மலை?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

"முப்பத்திரண்டு வருசமா மேல ஏறாத, மேல ஏறாதன்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கிட்டேன் ஸ்டோர்ஸ். மேல என்னாதான் இருக்குதுன்னு ஒருக்கா நின்னு பாக்கணுமில்லீங்களா?"

அதற்கு நான் சுருக்கென்று ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். அந்த நேரம் பார்த்து என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பிடித்தது.

கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அன்று காலை மலைக்குப் பக்கத்து ஊரான களசாவில் ஒரு ஓட்டலில் நான் நீர்தோசை ஒன்பது சாப்பிட்டிருந்தேன். தேங்காய்ச் சட்னி இன்னொரு தடவை வந்ததால் இன்னும் இரண்டு. பிறகு மைதா மாவில் போடுகிற அந்த ஊர்ப் போண்டா ஒரு தட்டு. வழியில் ஹெச்.ஆர். மேடம் கொடுத்த எலுமிச்சை சாதம், வேகவைத்த கொண்டைக்கடலை. இதையெல்லாம் அப்போது யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

பிடித்தது விடவில்லை. நெஞ்சின் நடுவில் தொடங்கி இடது தோளுக்கு ஏறியது. வேர்த்தது. எனக்கு ஐம்பத்து மூன்று வயது, தொண்ணூற்றிரண்டு கிலோ. என் அப்பா போனது நெஞ்சுவலியில்தான். கை தானாகச் சிவப்பு அட்டைக்குப் போனது. முன்னால் போன டூல் ரூம் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, தூக்கிராதிய. ஒம்ம கால்ல விழுதேன். அந்தா தெரியுது பாரும் உச்சி."

தெரிந்தது. மேகம் விலகி, நீல வானத்தின் அடியில் புல் முளைத்த ஒரு மொட்டைத் தலை. பெங்களூர்க் கல்லூரிக் கூட்டம் அதன்மேல் நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் கத்துவதுகூட லேசாகக் கேட்டது.

"இன்னு இப்பத்து நிமிஷ சார், அஷ்டே" என்றார் கைடு. இன்னும் இருபது நிமிடம், அவ்வளவுதான்.

அட்டையை விட்டேன். இருபது நிமிடம் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கேலி செய்த பாவத்துக்கு இதையாவது செய்வோம் என்றும் நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து அடி வைத்திருப்பேன்.

"எல்லாரும் நில்லுங்க."

கை மைக்கில் இல்லை, சாதாரணக் குரலில். திரும்பிப் பார்த்தால், சேஃப்டி தன் கழுத்தில் தொங்கிய சிவப்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அதைத் தூக்கி நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை.

"ஸ்டோர்ஸ், உக்காருங்க. அந்தப் பாறைமேல சாஞ்சு உக்காருங்க. எத்தினி நேரமா வலிக்குது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். நான் கார்டே தூக்கலையே!"

"நீங்க தூக்க மாட்டீங்க. கேன்டீன்ல நீங்கெல்லாம் சத்தியம் பண்ணது எனக்குத் தெரியுமுங்க. அதனாலதான் காலையில இருந்து மலையையே பாக்காம உங்க ஆறு பேரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு வர்றேன்."

டூல் ரூம் அழுகிற குரலில் கெஞ்சினார்.

"சார், கைடு இவரக் கூட்டிட்டு எறங்கட்டும். நீங்க போயிட்டு வாங்க சார். இருபது நிமிசம் சார். நானும் கூட வாரேன்."

"ஏழு பேரு கையெழுத்துப் போட்டிருக்கோம். ஏழு பேருந்தான் இறங்கணும்" என்றார் சேஃப்டி. முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்து என் வாயில் போட்டார். என் நாடியைப் பிடித்துக்கொண்டு வாட்சைப் பார்த்தார். பத்து நிமிடம் பாறையடியில் அப்படியே உட்கார்ந்திருந்தோம். உச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை.

ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள். நான் படுத்ததும் அதன் ஒரு கால் மடங்கியது. நடந்தே இறங்கினேன், ஒரு தோளுக்கு டூல் ரூம், இன்னொரு தோளுக்குக் கைடு. தேய்ந்த முட்டியோடு சேஃப்டி பின்னால் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கினார். ஏறுவதைவிட இறங்குவதுதான் அவருக்கு அதிகம் வலிக்கும் என்று அப்போதுதான் கவனித்தேன். அடிவாரத்திலிருந்து ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயது டாக்டர் தாளைப் பார்த்தார், என் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டினார், பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. "பெளிக்கே ஏனு திந்த்ரி?" என்றார். காலையில் தின்றதை வரிசையாகச் சொன்னேன். பதினொன்றாவது நீர்தோசைக்கு வரும்போதே அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

கேஸ். வெறும் கேஸ். ஒரு பாட்டில் மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரியே அதிரும்படி ஒரு ஏப்பம் விட்டேன், வலி போன இடம் தெரியவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. வெளியே வந்து டூல் ரூமிடம் சொன்னேன்.

"கேஸா?" என்றார். பிறகு எழுந்து போய் ஜீப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்தார். ஓசூர் வந்து சேரும் வரை அவர் என்னோடு பேசவில்லை. ஹெச்.ஆர். மேடம் மட்டும், "என்னோட லெமன் ரைஸ் இல்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சேஃப்டி என்ன செய்தார் என்கிறீர்கள்? லாட்டரி அடித்தவர் மாதிரி இருந்தார். டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாருக்கும் டீ சொன்னார். "ரொம்ப நல்லதாப் போச்சு, ரொம்ப நல்லதாப் போச்சு" என்று நாலு தடவை சொன்னார். திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் வழக்கமான தாள் ஒட்டியிருந்தது. "மலையேற்றம் வெற்றி. காயம்: இல்லை." அதைப் படிக்க எனக்குத் தைரியம் இல்லாமல் மூன்று வாரம் பின்பக்கக் கேட் வழியாகப் போய் வந்தேன்.

பிரிவுபசார விழாவில் கம்பெனி அவருக்கு ஒரு பரிசு கொடுத்தது. ஹெச்.ஆர். மேடத்தின் யோசனை. இணையத்தில் இருந்து எடுத்துப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்ட குதிரேமுக் படம். கல்யாணம் நின்றுபோன மாப்பிள்ளைக்குப் பெண்ணின் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுப்பதை விடக் கொடூரம் அது. படத்தைப் பார்த்ததும் கூட்டமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கேசரித் தட்டைப் பார்த்தேன். அவர் படத்தை இரண்டு கையாலும் வாங்கி, சட்டத்தின் மூலை கூர்மையாக இருக்கிறது, யாருக்காவது குத்தும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

போன மாதம் முட்டி ஆபரேஷன் முடிந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாலு மாதமாகப் போகாமல் இருந்ததற்கு வெட்கம்தான் காரணம். அந்தப் படம் ஹாலில், சோபாவுக்கு நேர் எதிரே, பெரிதாக மாட்டியிருந்தது. மூலைகளில் பஞ்சு வைத்து டேப் ஒட்டியிருந்தது. முட்டிக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபிஸ்ட் பெண் அவர் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவருக்கு அப்படி ஒரு உற்சாகம்.

"வாங்க ஸ்டோர்ஸ்! பாத்து, பாத்து, மிதியடி வழுக்கும். ஏம்மா, இவர்தான்மா அவரு. நான் சொன்னேன்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. அவர் ஊன்றுகோலை எடுத்து நீட்டிப் படத்தைக் காட்டினார். கோல் உச்சிக்குப் போகவில்லை. உச்சிக்கு நாலு விரல் கீழே, புல்வெளியில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியில் போய் நின்றது.

"இந்தப் பாறைதாம்மா. இங்கதான் இவரு உக்காந்தாரு. பத்து நிமிசம். நாடி பாத்துட்டே இருந்தேன்."

"மேல போகலீங்களா சார்?"

"இல்லம்மா. இவருக்கு நெஞ்சு வலிச்சுது, இறங்கிட்டோம்."

"அய்யோ. என்ன ஆச்சுங்க சார் இவருக்கு?"

கேஸ் என்று சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். சொன்னால் அந்தப் பெண் சிரிப்பாள், ஓசூர் முழுக்க அவள் போகிற வீடெல்லாம் சிரிக்கும். எனக்கு அது வேண்டியதுதான்.

"ஒண்ணும் ஆகலம்மா" என்றார் சேஃப்டி. கோலை மெல்லக் கீழே வைத்தார். "பாரு, எப்பிடி உக்காந்திருக்காரு. ஒண்ணுமே ஆகல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதர் என் வாழ்க்கையில் வேறு யாரும் இல்லை.